காசில் பாடபேதம்

பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் இடையில், பருத்திப்பட்டு ஏரிக்கு அருகில் நான் குடியிருக்கிறேன். மாலையில் ஏரிப்பக்கம் நடக்கப் போனால் என் மாணவர்களில் யாரேனும் ஒருவர் எதிர்ப்படுவதுண்டு. சில மாதங்களுக்கு முன் அப்படி எதிர்ப்பட்ட ஒருவன், வழக்கம்போல் வணக்கம் சொல்லி விலகிப் போகாமல் தயங்கி நின்றான். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான். உள்ளே ஓர் இரண்டு ரூபாய் நாணயம்.

"ஐயா, இது எரர் காயினாம். மூணு லட்சம் போகுமாம். நீங்க பழைய காசெல்லாம் வச்சிருக்கீங்கன்னு சொன்னாங்க. பார்த்துச் சொல்லுங்கய்யா."

வாங்கிப் பார்த்தேன். சிங்கத்தலைப் பக்கம் நேராக நிற்க, நாணயத்தைப் பக்கவாட்டில் திருப்பினால் மறுபக்கத்து எண் ஏறத்தாழக் கால்வட்டம் சாய்ந்து கிடந்தது. பிழை மெய்தான். விலைதான் பொய். மெல்ல விசாரித்தபோது மற்றதும் தெரியவந்தது. ஏதோ ஒரு காணொளியைப் பார்த்து அதில் காட்டிய எண்ணுக்குப் பேசியிருக்கிறான். பதிவுக் கட்டணம் என்றும் பிறகு வரி என்றும் இரண்டு தவணையில் நாலாயிரம் ரூபாய் அனுப்பிவிட்டான். அவன் அம்மா சீட்டுக் கட்டுவதற்கு எடுத்து வைத்திருந்த பணம். இப்போது மூன்றாம் தவணை கேட்கிறார்களாம்.

இனி ஒரு பைசாவும் அனுப்பாதே என்றேன். 1930 என்ற இணையக் குற்றப் புகார் எண்ணுக்கு அவனையே பேச வைத்தேன். முகம் கறுத்துப் போயிருந்தவன், நாணயத்தைத் திரும்பப் பொட்டலத்தில் கட்டிக்கொண்டே, "அப்ப இது பிழையே இல்லையாய்யா?" என்று கேட்டான். பிழைதான், ஆனால்... என்று தொடங்கிய என்னால் அந்த வாக்கியத்தை முடிக்க இயலவில்லை. பிழை என்று எதைச் சொல்கிறோம்? தமிழ் இலக்கியம் படித்து, இருபது ஆண்டுகளாக அதையே கற்பித்துவரும் எனக்கு இக்கேள்வி புதிதன்று. காசைப் பொறுத்தவரை, அதில் ஒருமுறை நானே தவறியிருக்கிறேன்.

*

நாணயம் அடிக்க மூன்று பொருள்கள் வேண்டும். கீழே ஓர் அச்சு, மேலே ஓர் அச்சு, நடுவே எழுத்தில்லாத உலோக வில்லை. நாணய வணிகர்கள் அச்சை டை என்றும் வில்லையை பிளாங்க் என்றும் சொல்வார்கள். அச்சில் உருவமும் எழுத்தும் இடவலம் மாறிக் குழிவாக வெட்டப்பட்டிருக்கும். அடி விழும்போது உலோகம் அக்குழிகளில் ஏறிப் புடைப்பாக எழும். இயந்திரத்தில் அடிக்கும்போது வில்லையைச் சுற்றி ஒரு வளையமும் உண்டு. உலோகம் பக்கவாட்டில் பிதுங்காமல் தடுத்து விளிம்பைச் சீராக்குவது அது. ஆக, மாறுபாடு நேரக்கூடிய இடங்களும் மூன்று: அச்சு, வில்லை, அடி.

அச்சிலேயே உள்ள மாறுபாடு அந்த அச்சிலிருந்து பிறந்த எல்லாக் காசுகளிலும் வந்துவிடும். பழைய ஆண்டெண்ணின் மேல் புதிய எண்ணை வெட்டியிருப்பார்கள். மூல அச்சிலிருந்து வேலை அச்சுக்கு உருவத்தை இருமுறை அழுத்திப் பதிக்கையில் இரண்டாம் முறை மயிரிழை விலகினால் எழுத்துகள் இரட்டித்து நிற்கும். நாணயச்சாலையின் குறி ஓர் அச்சில் ஆண்டுக்கு நேர் கீழேயும் மற்றோர் அச்சில் சற்று ஒதுங்கியும் இருக்கும். இவை அச்சு வேறுபாடுகள்.

வில்லையிலும் அடியிலும் நேர்பவை பெரும்பாலும் அந்தந்தக் காசோடு நின்றுவிடும். தகட்டில் ஏற்கனவே வெட்டிய துளையின் மேல் வெட்டுக்கத்தி மீண்டும் இறங்கினால் பிறை போலக் குறைபட்ட வில்லை கிடைக்கும். வில்லை நகர்ந்துவிட்டால் மையம் விலகிய காசு வரும். அடித்த காசு வெளியே விழாமல் அச்சோடு ஒட்டிக்கொண்டால், அடுத்த வில்லையின் ஒரு பக்கத்தில் அதே உருவம் குழிவாகவும் இடவலம் மாறியும் பதியும். அச்சு தன் பிடியில் தளர்ந்து சுழன்றால் ஒரு பக்கம் சாய்ந்துபோகும். என் மாணவனின் நாணயத்துக்கு நேர்ந்தது இதுதான்.

நாணயச்சாலையை விட்டு வெளியே வந்தபின் காசுக்கு நேர்பவை வேறு. சுத்தியலடி, அரம், அமிலம், தண்டவாளம் ஆகியவற்றின் வேலைகள் இவை. சந்தையில் பிழைக்காசு என்று விற்கப்படுபவற்றுள் இவ்வகைக்கு எப்போதும் இடமுண்டு. பிரித்தறியச் சில எளிய சோதனைகள் இருக்கின்றன. அச்சில் விரிசல் விட்டிருந்தால் காசில் அது புடைத்த கோடாக இருக்கும். குழிந்த கோடு பின்னால் விழுந்த கீறல். உண்மையாகவே குறைபட்ட வில்லையில், குறைக்கு நேரெதிரே உள்ள விளிம்பு மங்கித் தெரியும். அரத்தால் தேய்த்ததில் அப்படி இராது. அச்சிலேயே இரட்டித்த எழுத்தில் இரண்டு வடிவங்களும் உருண்டு திரண்டிருக்கும். அடிக்கும்போது அச்சு அதிர்ந்து நழுவியதால் வந்த இரட்டிப்பு படிக்கட்டுபோலத் தட்டையாக இருக்கும், அது எங்கும் கிடைக்கும். இரு பக்கமும் தலை உள்ள காசு கிடைத்தால் விளிம்பின் உட்புறத்தைப் பூதக்கண்ணாடியால் பார்க்க வேண்டும். இரண்டு காசுகளைக் கடைந்து பொருத்திய இணைப்பு பெரும்பாலும் அங்கே தெரியும்.

ஏட்டுச்சுவடி பார்த்துப் பழகியவர்களுக்கு இவை அயலாகத் தோன்றா. ஒரு தவறு ஒரே ஏட்டில் இருந்தால் அது எழுதியவரின் கைப்பிழை. அதே தவறு நான்கு ஏடுகளில் வந்தால் அந்நான்கும் ஒரே மூலத்திலிருந்து பெயர்த்தெழுதப்பட்டவை. ஏட்டில் செல்லரித்த இடம் எழுதியவர் குற்றமன்று. 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் ஏடுகளை ஒப்பிட்டுப் பாடபேதங்களைக் குறித்த முறையும், ஒரு நாணய ஆய்வாளர் இருபது காலணாக்களை மேசைமேல் பரப்பிக்கொண்டு செய்வதும் அடிப்படையில் ஒரே வேலை. ஒற்றை ஏட்டை வைத்துக்கொண்டு பாடபேதம் பேச முடியாது. ஒற்றைக் காசை வைத்துக்கொண்டும் முடியாது.

*

இனி என் பிழை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பழங்காசு வியாபாரியிடம் பிரெஞ்சுக்காரர் காலத்துப் புதுச்சேரிச் செப்புக்காசு ஒன்றை வாங்கினேன். ஒரு பக்கம் பிரெஞ்சு அரசின் லில்லி மலர். மறுபக்கம் மூன்று வரிகளில் தமிழில் ஊர்ப்பெயர். பிரெஞ்சுக்காரர் இதை தூதூ என்றனர். நம்மவர் வாயில் வழங்கிய துட்டுதான் அது. அந்தத் துட்டோ டச்சுக்காரரின் டுய்ட் என்ற செப்புக்காசின் பெயரிலிருந்து வந்ததாகச் சொல்வர். காரைக்காலுக்கென்று அடித்த காசில் ஒரு பக்கம் காரைக்கால், மறுபக்கம் புதுச்சேரி என இரண்டு ஊர்ப்பெயர்களும் தமிழிலேயே இருக்கும்.

என் காசில் புள்ளி இல்லை. சே என்னும் நெடிலுக்கு உரிய இரட்டைச் சுழிக்கொம்பும் இல்லை. இன்றைய முறையில் படித்தால் புதுசசெரி என்றுதான் வரும். கல்லூரி ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதினேன். தமிழறியாத அயலார் ஆட்சியில் ஊர்ப்பெயரைக்கூடப் பிழையின்றிப் பொறிக்க ஆளில்லை என்ற தொனியில், கொஞ்சம் எள்ளலோடே எழுதினேன். சுவடிகளோடு வாழ்நாளைக் கழித்த முதியவர் ஒருவர் அதைப் படித்துவிட்டு என்னை அழைத்து வரச் செய்தார். கடிந்துகொள்ளவில்லை. "தம்பி, ஏட்டுல புள்ளி வச்சுப் பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப காசுல மட்டும் ஏன் தேடுறீங்க?" என்றார்.

வெட்கமாக இருந்தது. ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் ஏடெழுதுவோர் புள்ளியை விட்டுவிடுவர் என்று வகுப்பில் நானே சொல்லிக் கொடுப்பவன். எகர ஏகாரக் குறிகளை இன்று நாம் வேறுபடுத்தும் முறை பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவரோடு சேர்த்துச் சொல்லப்படுவது என்பதும் எனக்குத் தெரியும். அச்சு வெட்டிய கம்மியர் தம் காலத்தில் எல்லோரும் எழுதியவாறே எழுதினார். அவர் செய்தது பிழையன்று. என் காலத்து எழுத்தை அவர் கையில் திணித்து, அது அங்கே இல்லை என்று குறை சொன்னேனே, அதுதான் பிழை.

அதன் பிறகு அந்தக் காசுகளைப் பார்க்கும் கண் மாறியது. அவற்றில் ஆண்டு இல்லை. மலரின் இதழ் வளைவும் தமிழெழுத்தின் சுழிப்பும் காசுக்குக் காசு மாறுகின்றன. அச்சு பெரிது, வில்லை சிறிது. ஆகையால் எந்தக் காசிலும் முழு அச்சும் விழுவதில்லை. ஒன்றில் பு மட்டும் முழுதாக இருக்கும், மற்றொன்றில் ரி மட்டும். இன்றைய சந்தையில் மையம் விலகிய அடி என்று பெயரிட்டு விலை ஏற்றுவதற்கு உரிய குறை, அங்கே எல்லாக் காசுக்கும் பொதுவான இயல்பு.

பிற்காலப் பாண்டியர் செப்புக்காசுகளிலும் இதே நிலை. எல்லாந்தலையானான், கச்சி வழங்கும் பெருமாள் போன்ற தொடர்கள் பொறித்த காசுகள் அவை. தொடரின் பாதி ஒரு காசில் விழுந்திருக்கும், மீதி வேறொன்றில். பல காசுகளைச் சேர்த்து வைத்துத்தான் முழுத் தொடரைப் படிக்க முடியும். சங்க காலப் பாண்டியன் பெருவழுதியின் பெயரைத் தமிழ் பிராமி எழுத்தில் தாங்கிய செப்புக்காசை ஆர். கிருஷ்ணமூர்த்தி கண்டறிந்து வெளியிட்டதும், தேய்ந்த சிறுகாசுகளைப் பொறுமையோடு ஒப்பிட்டுப் பார்த்த உழைப்பின் பயன். நாணயச்சாலைக்குத் தமிழில் அக்கசாலை என்று பழைய பெயர் உண்டு. கொற்கையில் அப்பெயர் இன்றும் வழங்குகிறது. அங்கே அச்சு வெட்டியவர் எவருடைய பெயரும் நமக்கு எட்டவில்லை. எட்டியது அவர்கள் கைத்தடம் மட்டுமே. அது தெரிவதும் ஒரு காசு மற்றொன்றிலிருந்து மாறுபடும் இடங்களில்தான்.

தரங்கம்பாடி டேனியக் காசுகளில் நிலைமை தலைகீழ். 1620 முதல் 1845 வரை டேனியர் வசமிருந்த ஊர் அது. அரசனின் பெயரெழுத்துகளும் கம்பெனியின் பெயரெழுத்துகளும் பின்னிய ரோமன் எழுத்துக் கோலத்தை அச்சில் வெட்டவேண்டும். அச்சில் எழுத்தை இடவலம் மாற்றி வெட்டினால்தான் காசில் நேராக விழும். எழுத்தை அறிந்தவன் கை தானாகவே மாற்றிக்கொள்ளும். அறியாதவன் மாதிரியைப் பார்த்து உள்ளவாறே வெட்டினால் காசில் அது கண்ணாடியில் பார்த்ததுபோல் விழும். அவ்வாறு திரும்பி நிற்கும் எழுத்துகளைத் தரங்கம்பாடிச் சிறுகாசுகளில் காணலாம். இங்கே பிழை என்ற சொல் பொருந்தும். ஆனால் அதற்குள்ளும் ஒரு செய்தி இருக்கிறது. தன் எழுத்தல்லாத எழுத்தை வெட்டிக் கூலி வாங்கிய ஒரு கம்மியரின் கை அது.

*

அதே தரங்கம்பாடியில்தான் சீகன்பால்கு தமிழெழுத்துகளைக் கோத்து 1714-15இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். ஓர் ஊரில் காசச்சும் நூலச்சும். இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல் வாய்த்தது தற்செயலன்று என்று எனக்குத் தோன்றுகிறது. அச்சு வந்த பிறகுதான் அச்சுப்பிழை வந்தது. ஓலையில் ஒவ்வொரு படியும் தனி, மாறுபாடு இயல்பு. ஆயிரம் படிகள் ஒன்றுபோலவே இருக்கும் என்ற எதிர்பார்ப்பு வந்த பிறகே ஒன்று மாறினால் அது குற்றமாகிறது. காசிலும் இதுவே நடந்தது. அதற்கு நம் ஊர்ப்பக்கத்துக் கதை ஒன்று உண்டு.

1639இல் சென்னைக் கடற்கரையில் கோட்டை கட்டிக்கொள்ள ஆங்கிலேயருக்கு அனுமதி தந்த தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கர், நாணயம் அடித்துக்கொள்ளும் உரிமையையும் சேர்த்தே தந்தார். அவருடைய தம்பி ஐயப்ப நாயக்கர் இருந்தது பூந்தமல்லியில். பருத்திப்பட்டிலிருந்து பேருந்தில் சிறிது நேரத்தில் போய்விடக்கூடிய தொலைவு. அவ்வுரிமையைக் கொண்டு கம்பெனி சென்னையில் வராகனும் பணமும் காசும் அடித்தது. கணக்கு இப்படி: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். ஆக ஒரு வராகனுக்கு 3,360 காசு. வராகனைக் கையால் தொட்டவர் சிலர். காசைத் தொடாதவர் இல்லை. ஆங்கிலத்தில் ரொக்கத்தைக் குறிக்கும் கேஷ் என்ற சொல் அங்கே வேறு வழியாக வந்தது. ஆனால் நம் காசைக் குறிக்கவும் ஆங்கிலேயர் அதே சொல்லைத்தான் எழுதினர்.

1803இல் கம்பெனி தன் சென்னை மாகாணத்துச் செப்புக்காசுகளை இங்கிலாந்தில் பர்மிங்காமை அடுத்த சோகோவில் அடித்தது. மாத்யூ போல்டனின் நாணயச்சாலை அது. நீராவி இயந்திரத்தால் இயங்கியது. ஒரு காசு, ஐந்து காசு, பத்து காசு, இருபது காசு என்று நான்கு மதிப்புகள். 1808இல் மீண்டும் பத்தும் இருபதும். பெரிய காசுகளில் ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம். மறுபக்கம் இருபது காசு நான்கு பலூஸ் என்ற பொருளில் பாரசீகமும், கீழே ஆங்கிலமும். தமிழ்நாட்டு எளியவர்களின் கைக்கு வரவேண்டிய காசில் தமிழ் ஓரெழுத்தும் இல்லை. ஆங்கில எழுத்தில் கேஷ் என்ற சொல் மட்டும்.

1808ஆம் ஆண்டுக் காசுகளை ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்ட அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரையை அடுத்த குட்வின் மணல்திட்டில் புயலில் சிக்கி மூழ்கியது. பீப்பாய்களில் அடைத்த காசுகள் கடலடியில் கிடந்து, 1980களில் பெருந்தொகையாக மீட்கப்பட்டன. இன்று உலகெங்கும் நாணயக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பத்து காசுகளில் பல அந்தக் கப்பலுக்குரியவை. சென்னைக்கு வந்து சேராமலே சென்னைக் காசு என்று பெயர் பெற்றவை.

அவற்றில் பத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கும். வட்டம் ஒன்று, கனம் ஒன்று, எழுத்து ஒன்று. தூதூவில் ஒவ்வொன்றும் தனி முகம். இதில் எல்லாம் ஒரே முகம். பிழைக்காசு என்னும் எண்ணமே இங்கேதான் பிறக்க முடியும். பத்தாயிரம் ஒன்றுபோல் இருக்கும்போது, மாறி நிற்கும் ஒன்று கண்ணில் படுகிறது.

சென்னையிலேயே இயந்திரங்களால் அடித்த கால் வராகன் வெள்ளி நாணயம் இதற்கு நடுவில் நிற்கிறது. ஒரு பக்கம் விண்மீன்கள் சூழ்ந்த கோயில் கோபுரம், மறுபக்கம் திருமால். ஆங்கிலம், பாரசீகம், தமிழ், தெலுங்கு என நான்கு எழுத்துகளில் மதிப்பு. விண்மீன்களை எண்ணிப் பார்த்து அச்சுகளைப் பிரிப்பது இத்துறையில் இன்றும் நடக்கும் வேலை. பிறகு தங்கசாலைத் தெருவுக்கு மாறிய அந்த நாணயச்சாலை 1869இல் மூடப்பட்டது. அதன் இடத்தில் அரசு அச்சகம் வந்தது. காசச்சு போய் நூலச்சு வந்த அந்த இடமாற்றத்தை, மாணவர்களுக்கு அச்சு என்ற சொல்லின் இரு பொருளையும் விளக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

*

இயந்திர காலத்தில் அச்சு வேறுபாடு எப்படிப் பெயர்பெறுகிறது என்பதற்கு 1911ஆம் ஆண்டு ரூபாய் ஒன்றே போதும். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் மேலங்கியில், ஓர் அரச விருதின் சங்கிலியில் ஒரு சிறிய யானை தொங்கும். துதிக்கை குறுகிப்போனதால் மக்கள் கண்ணுக்கு அது பன்றியாகத் தெரிந்தது. சமய உணர்வுகள் புண்படவே அரசு வெளியீட்டை நிறுத்தியது. அடித்த 94 லட்சத்தில் ஏறத்தாழ 7 லட்சமே வெளியில் போயிருந்தன, மற்றவை உருக்கப்பட்டன. 1912 முதல் யானையின் உருவம் திருத்தப்பட்டது. பன்றி ரூபாய்க்கு இன்றும் நல்ல விலை.

ஆனால் அதே ஆண்டுச் செப்புக் காலணாவிலும் அதே யானைதான் நிற்கிறது. அதைத் தேடுவோர் குறைவு. சில நூறு ரூபாய்கூடப் பெறாமல் கடைத்தட்டில் கிடக்கும். 1911, 1912 என இரு காலணாக்களை வாங்கிப் பூதக்கண்ணாடியில் யானைகளை ஒப்பிட்டால், ரூபாயில் நடந்த அதே வரலாற்றை எளிய செலவில் பார்த்துவிடலாம். அச்சு வேறுபாட்டின் பொருளுக்கும் சந்தை அதற்கு வைக்கும் விலைக்கும் இடையே உள்ள தொலைவை இந்த இரு நாணயங்கள் காட்டுகின்றன.

நம் தாத்தாக்கள் ஓட்டைக் காலணா என்றழைத்த காசு 1943 முதல் 1947 வரை வந்தது. உலகப் போர்க் காலத்தில் செம்பு மிச்சம் பிடிக்கப் போட்ட ஓட்டை. அதில் உள்ள மணிமுடி இரு வடிவங்களில் உண்டு: ஒன்று உயரமானது, மற்றொன்று தட்டையானது. இவை பிழைகள் அல்ல. அச்சை மாற்றிய தடங்கள். ஓட்டை நடுவில் விழாமல் எழுத்தின் மேல் விழுந்திருந்தால் அது வேறு. அது வில்லையில் நேர்ந்த பிழை. ஒரே காசில் இரண்டையும் பிரித்துக் கற்க இதைவிட நல்ல பாடம் இல்லை.

1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய் நூறு நயா பைசாவானது. 1964இல் நயா என்ற அடைமொழி போயிற்று. இக்காலச் சிறுகாசுகளில் ஆண்டின் கீழே பார்க்க வேண்டும். சாய்சதுரம் இருந்தால் மும்பை. விண்மீன் இருந்தால் ஹைதராபாத். புள்ளி இருந்தால் நொய்டா. ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. இதிலும் ஒரு பொறி இருக்கிறது. அச்சின் நுண்ணிய குழியில் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்துக்கொண்டால் அந்தப் புள்ளி காசில் விழாது. நொய்டாக் காசு கொல்கத்தாக் காசாகத் தோற்றமளிக்கும். மறுபடியும் புள்ளிதான். தூதூவில் புள்ளி இல்லாதது மரபு. இங்கே புள்ளி இல்லாதது ஓர் ஊரின் அடையாளமாகவும் இருக்கலாம், வெறும் அடைப்பாகவும் இருக்கலாம். எது என்று சொல்ல அதே ஆண்டின் வேறு காசுகள் பத்து வேண்டும்.

அந்தப் பத்தைத் தேடுவது வருங்காலத்தில் எளிதாக இராது. 25 பைசாவும் அதற்குக் கீழான காசுகளும் 2011 ஜூன் 30 முதல் செல்லாதவையாயின. எட்டணா சட்டப்படி செல்லும். எந்தக் கடைக்காரர் வாங்குகிறார்? அலுமினியக் காசுகள் எடைக்குப் போய்விட்டன. அரிதான ஒன்று லட்சம் பெறும் என்ற பேச்சில் மயங்கி நிற்கும் நாம், சாதாரணமான நூற்றை ஒப்பிட்டுப் பார்க்க எவரும் வைத்திருக்கவில்லை என்பதைக் கவனிக்கவில்லை. உ.வே.சா. ஏடு தேடிப் போன வீடுகளில் எத்தனை ஏடுகள் ஆற்றோடு போயிருந்தன என்று படித்து வருந்துகிறோம். அம்மாவின் அஞ்சறைப்பெட்டியில் கிடந்த பத்து பைசாக்களை நாம் என்ன செய்தோம்?

*

பழைய நோட்டுகளையும் நாணயங்களையும் வாங்குவதாகச் சொல்லி, ரிசர்வ் வங்கியின் பெயரைப் பயன்படுத்திக் கட்டணமும் வரியும் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று அவ்வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்தது. எச்சரிக்கை எட்டாத வீடுகளுக்குக் காணொளி எட்டிவிடுகிறது. நாலாயிரம் ரூபாய் திரும்பி வரவில்லை. மாணவனின் அம்மா அவனை ஒன்றும் சொல்லவில்லையாம். அதுதான் அவனுக்குக் கூடுதலாக வலித்தது.

ஒரு வாரம் கழித்து அவனை வீட்டுக்கு வரச் சொன்னேன். மேசைமேல் தூதூவையும் ஓட்டைக் காலணாவையும் இரண்டு 1808 பத்து காசுகளையும் வைத்தேன். நாணயத்தின் மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் இரு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் திருப்பச் சொன்னேன். இந்தியக் குடியரசு நாணயமானால் மறுபக்கமும் நேராக நிற்க வேண்டும். அவனுடையது சாய்ந்தது. சாய்வு எத்தனை பாகை என்று கடிகார முகத்தை வரைந்து குறித்துக்கொண்டோம். பிறகு அவன் கேட்ட கேள்விக்கு விடை சொன்னேன். இது பிழைதான், அச்சு பிடியில் தளர்ந்து சுழன்றதால் வந்தது. விரும்பிச் சேர்ப்பவர் கொஞ்சம் கூட்டிக் கொடுப்பார், அவ்வளவே. யாரோ ஒரு தொழிலாளி ஒரு பணிமுறையில் இதைக் கவனிக்காமல் விட்டார், அல்லது கவனித்துச் சரிசெய்யும் முன் சில நூறு நாணயங்கள் வெளியே போய்விட்டன. அந்தச் சில நூற்றில் ஒன்று உன்னிடம் இருக்கிறது.

அவன் தூதூவை எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "இதுல புதுச்சேரின்னு தப்பா எழுதியிருக்காங்களேய்யா" என்றான்.

நான் உள்ளே போய் ஏட்டுச்சுவடியின் ஒளிப்படம் ஒன்றை எடுத்துவந்து அவன் முன் வைத்தேன். "இதில் ஒரு புள்ளி கண்டுபிடி" என்றேன்.